எந்த வீதி முதலில்?



ஒரு பிரதேச சபையின் மேசைமீது ஐந்து விண்ணப்பங்கள் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது விண்ணப்பம், கோயில் தேர்முட்டியடியிலிருந்து சந்தைவரை செல்லும் வீதிக்குக் காப்பெற் இடவேண்டும் என்கின்றது. இரண்டாவது, பாடசாலைக்குப் போகும் ஒழுங்கையிலே மதகு இடிந்து கிடப்பதை எடுத்துச் சொல்கின்றது. மூன்றாவது, தோட்டவெளிக்கு உழவு இயந்திரம் போய்வரத்தக்க பாதை கேட்கின்றது. நான்காவது, மாரியில் முழங்காலளவு தண்ணீரிலே பிரேதத்தைச் சுமந்து செல்லவேண்டியிருக்கும் சுடலைப் பாதையைப் பற்றியது. ஐந்தாவது விண்ணப்பம் வீதியே கேட்கவில்லை; காலை ஆறரை மணிக்கு ஒரு பஸ் வண்டி வந்தாற் போதும் என்கின்றது. சபையிடம் இருப்பதோ இரண்டு வேலைகளுக்குப் போதுமான பணம். ஐந்தும் நியாயமான கோரிக்கைகளே. எதனை முதலிற் செய்வது, எதனைப் பின்போடுவது?

இந்த ஊர் கற்பனையூர். ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ, வன்னியிலோ, மட்டக்களப்பிலோ வாழும் நேயர் ஒவ்வொருவரும் இதற்குத் தம் ஊரின் பெயரை இட்டுக்கொள்ளலாம்.

முதலில் அறியவேண்டியது வீதி யாருடையது என்பது. இலங்கையில் எல்லா வீதிகளும் ஒரே கையில் இல்லை. ‘ஏ’ வகுப்பு, ‘பி’ வகுப்பு என்னும் பெருந்தெருக்கள், ஏறத்தாழ 12,000 கிலோமீற்றர், 1981 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளவை. ‘சி’, ‘டி’ வகுப்பு வீதிகள் 1987 இல் வந்த பதின்மூன்றாவது திருத்தத்தின் பின் மாகாணத்தின் கைக்குச் சென்றன. எஞ்சிய சிறு தெருக்களும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சிச் சபைகளுக்கு உரியவை. நீளத்தால் மிகப் பெரியவை இவைதாம். பணப்பை மிகச் சிறியதாக இருப்பதும் இவற்றைக் காக்கும் சபைகளிடமே. பஸ் வண்டியோ மூவர் கையிலும் இல்லை. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு மாகாணப் போக்குவரத்து அதிகார சபை அனுமதி கொடுக்கின்றது. அரச பஸ் சாலையின் ஓட்டத்தை அச்சாலையின் அதிகாரிகள் தீர்மானிக்கின்றனர். ஆகவே ஐந்து விண்ணப்பங்களுள் இரண்டு தவறான கதவைத் தட்டியிருத்தல் புதுமையன்று. ‘அது எங்கள் வீதியல்ல’ என்று மறுமொழி வரும்போது சபை தட்டிக்கழிக்கின்றது என்று மக்கள் எண்ணுகின்றனர். அது உண்மையாகவும் இருக்கலாம்; அல்லவாகவும் இருக்கலாம். வீதியின் வகுப்பைக் கேட்டறிந்தபின் விண்ணப்பம் எழுதுவது அரை வேலையை முடித்ததற்கு ஒப்பாகும்.

யாருக்காக வீதி என்ற கேள்வி இந்நாட்டிலே பழையது. தேசாதிபதி எட்வேட் பான்ஸ் காலத்திலே கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருவீதி வெட்டப்பட்டது. அவ்வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829 இல் மறைந்தார். அவர் நினைவாக எழுந்த கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. அவ்வீதியில் 1832 இல் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. படை விரைந்து செல்லவும், பின்னர்க் கோப்பி இறங்கி வரவும் அவ்வீதி உதவிற்று. 1848 இல் வந்த வீதிக் கட்டளைச் சட்டமோ, 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியிலே வேலை செய்யவேண்டும், இன்றேல் மூன்று சிலிங் கட்டவேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் எழுந்த கிளர்ச்சிக்கு அவ்வரியும் ஒரு காரணம். தம் ஊருக்கு வராத வீதிக்குத் தம் உடலுழைப்பைக் கொடு என்றால் யார்தான் மகிழ்வர்?

இனி, விண்ணப்பங்களை நிறுத்துப் பார்ப்போம். பொறியியலாளர் முதலிற் கேட்பது, ‘ஒரு நாளில் எத்தனை வாகனம் போகின்றது?’ என்பதுதான். அது நல்ல கேள்வி; ஆனால் அதனோடு நின்றுவிட்டால் தீங்கு நேரும். பாலம் இல்லாத இடத்தில் வண்டி எண்ணினால் விடை சுழியம் என்றே வரும். அதைக் கொண்டு அங்கே பாலம் வேண்டியதில்லை என்று முடிவு கட்டலாமா? மேலும், வாகனம் எண்ணுவோர் பெரும்பாலும் மோட்டார் வண்டிகளை எண்ணுகின்றனரேயன்றி, துவிச்சக்கர வண்டியிற் செல்லும் ஆசிரியையையும், தலையிற் கட்டோடு நடந்து செல்லும் மூதாட்டியையும், கையைக் கோத்துக்கொண்டு போகும் பாலர் வகுப்புப் பிள்ளைகளையும் எண்ணுவதில்லை. எண்ணும் நேரமும் முக்கியம். முற்பகல் பத்து மணிக்கு எண்ணினாற் பாடசாலைப் பிள்ளை ஒருவரும் அகப்படார். விடியற்காலை நான்கு மணிக்கு எண்ணாவிட்டால் மரக்கறி கொண்டு சந்தைக்குப் போகும் தோட்டக்காரர் அகப்படார்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். எண்கள் யாவும் எடுத்துக்காட்டுக்கு உரியவை. கோயில் வீதியில் நாள்தோறும் 200 மோட்டார்ச் சைக்கிள்கள் போகின்றன. காப்பெற் இட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் மிஞ்சும். ஆண்டுக்கு 300 நாள் என்றால், மிஞ்சும் நேரம் 2,000 மணி. மதகு உடைந்த ஒழுங்கையிலோ 50 பிள்ளைகள். மாரியிலே 60 பாடசாலை நாட்களுக்கு அவர்கள் போகும்போது இரண்டு கிலோமீற்றரும் வரும்போது இரண்டு கிலோமீற்றரும் சுற்றி நடக்கின்றனர். பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று கொண்டால் 3,000 மணி. வாகன எண்ணிக்கை கொண்டு பார்த்தாற் கோயில் வீதி எங்கோ முன்னே நிற்கும். நேரத்தைக் கொண்டு பார்த்தால் மதகு முந்துகின்றது. செலவையும் சேர்த்துப் பார்த்தால் ஐயமே இல்லை. ஒரு மதகின் விலை, ஒரு வீதி முழுவதற்கும் இடும் காப்பெற்றின் விலையிற் சிறு பங்குதான்.

ஆயினும் இவ்வித்தியாசம் நாம் முதலில் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிதன்று என்பதையும் நேயர்கள் கவனிக்கவேண்டும். கோயில் வீதிக்காரர் கேட்டது வெறும் ஆடம்பரமன்று. கணக்குப் போடுவதன் பயன் ஒருவரை வெல்லச் செய்வதன்று. எதிர்த்தரப்பின் நியாயம் எவ்வளவு என்பதைக் காட்டுவதே.

உலகின் வேறு பாகங்களிலும் இம்முறையில் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். சருவதேசத் தொழில் நிறுவனத்தார் பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலே, வீதியை அளவாமல், வீட்டிலிருந்து தண்ணீருக்கும் வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் சந்தைக்கும் போய்வரச் செல்லும் நேரத்தை அளந்து, அந்நேரத்தைக் குடும்பங்களின் தொகையாற் பெருக்கி முன்பின் வகுத்தனர். இம்முறையில் ஒரு வியப்பு உண்டு: சில ஊர்களுக்கு வேண்டியது வீதியே அன்று, ஊருக்குள் ஒரு கிணறு அல்லது வாரத்துக்கு இருமுறை வரும் ஒரு மருத்துவத் தாதி என்று முடிவு வரலாம். உலக வங்கியார் வேறோர் அளவுகோல் வைத்தனர். எக்காலத்திலும் வண்டி போகத்தக்க ஒரு வீதிக்கு இரண்டு கிலோமீற்றருக்குள் வாழும் கிராம மக்கள் எத்தனை வீதம் என்பது அது. ‘எக்காலத்திலும்’ என்ற சொல்லே அங்கு உயிர்நிலை. பங்குனியிலே பார்த்தால் நம் ஒழுங்கைகள் யாவும் நல்ல வீதிகளே. கார்த்திகையிற் போய்ப் பார்க்கவேண்டும்.

கார்த்திகை என்றதும் தண்ணீரைப் பற்றிப் பேசவேண்டியிருக்கின்றது. வீதிக்கு முதற் பகைவன் வண்டியல்லன், நீர். அடித்தளத்துக்குள் நீர் இறங்கினால் மேலே எத்தகைய தார் இட்டாலும் அது நெடுநாள் நில்லாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ இவ்விடயம் மேலும் சிக்கலானது. தரை மட்டமானது, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றைத் தவிர ஆறென்று சொல்ல வேறொன்று இல்லை. பெய்த மழை குளத்துக்கும் கடலுக்கும் போய்ச் சேர்வது சிறு வெள்ளவாய்க்கால்கள் வழியாகவே. எஞ்சியது சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கி நமது கிணற்று நீராகின்றது. இத்தகைய தரையிலே ஒரு வீதியை ஒரு முழம் உயர்த்தினால், நாம் கட்டியது வீதியன்று, அணை. அணைக்கு மேற்பக்கத்திலுள்ள வீட்டு வளவுகளுக்குள் வெள்ளம் நிற்கும். 2008 நவம்பரில் நிஷாப் புயலின்போதும், 2020 டிசெம்பரிற் புரெவிப் புயலின்போதும் குடாநாடு வெள்ளத்தில் மூழ்கியது நேயர்களுக்கு நினைவிருக்கும். பழைய மேற்பரப்பைக் கிளறி எடுக்காமல் அதன்மேலேயே புதுத்தட்டை இட்டு, சில ஆண்டுகளின் பின் அதன்மேல் மற்றொன்றை இட்டு, வீட்டுப் படலையிலும் வீதி உயர்ந்து நிற்கும் தெருக்களை நம் பட்டினங்களிலே எளிதிற் காணலாம். அங்கே வீதி உலர்ந்திருக்கின்றது, வீட்டுக்காரர் நனைகின்றார்.

ஆதலால் வீதி வேலை என்பது வாய்க்காலில் தொடங்கவேண்டும். எந்த மதகு எந்தக் குளத்துக்கு நீரை விடுகின்றது என்பதை அறிந்தவர் அவ்வூரின் முதியவர்களே. முற்காலத்தில் ஓவசியர்மார் இத்தகைய முதியவரை அழைத்துக்கொண்டு, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வாய்க்கால் வழியே நடந்து பார்ப்பர். இப்பொழுது வரைபடமும் மட்டம் பார்க்கும் கருவியும் செம்மையாக உள்ளன. ஆனால் மழையில் நடக்கும் வழக்கம் அருகிவிட்டது என்பது என் எண்ணம்.

நீருக்கு அடுத்த பகைவன் பாரம். இதனை அமெரிக்காவிலே இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை பெருஞ் செலவிற் சோதித்தனர். வீதிகளை அமைத்து, பாரவண்டிகளை இரவு பகலாக அவற்றின்மேல் ஓடவிட்டுப் பார்த்தனர். கண்ட முடிவு, ஓர் அச்சின்மேல் வரும் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்கு ஆகின்றது என்பது. அக்கணக்கின்படி அச்சுக்கு எட்டுத் தொன் சுமக்கும் ஒரு மணல் லொறி, அச்சுக்கு அரைத் தொன் சுமக்கும் சிறு கார்கள் பல்லாயிரம் போவதனால் வருஞ் சேதத்தை ஒருமுறை போவதனாலேயே விளைக்கும். இது தோராயமான விதியே. மண்ணுக்கு மண் வேறுபடும். ஆனால் நம் ஒழுங்கைகளுக்கு இதன் பொருள் தெளிவானது. மணல் லொறியும் கல் லொறியும் குறுக்குவழியாகப் பயன்படுத்தும் ஒழுங்கைக்கு மெல்லிய தார் இடுவது பணத்தை வாய்க்காலில் விடுவதாகும். ஒன்றில் அவ்வழியைப் பார லொறிகளுக்கு மூடவேண்டும். இன்றேல் அதற்குத் தக்க தடிப்பான அடித்தளம் போடவேண்டும். தோட்டவெளிப் பாதைக்கோ தார் தேவையே இல்லை. நல்ல கிரவல் இட்டு, உருளையால் நெருக்கி, நடுவை உயர்த்தி, இரு பக்கமும் வாய்க்கால் வெட்டினாற் போதும். ஆண்டுதோறும் கவனித்தால் அது நின்று பிடிக்கும்.

ஆண்டுதோறும் கவனித்தால் என்று சொன்னேன். இதுதான் எல்லாச் சபைகளும் வழுக்கி விழும் இடம். புது வீதிக்குத் திறப்பு விழா உண்டு, பெயர்க்கல் உண்டு. வாய்க்கால் துப்புரவாக்கியதற்குப் பெயர்க்கல் வைத்தாரை யாரும் கண்டதில்லை. தென்னாபிரிக்காவின் வீதி நிறுவனத்தார் மதிப்பிட்டபடி, பராமரிப்பை மூன்று ஆண்டு விட்டுவிட்டாற் பழுதுபார்க்கும் செலவு ஆறு மடங்காகும். ஐந்து ஆண்டு விட்டுவிட்டாற் பதினெட்டு மடங்காகும். 2022 இல் நமது நாட்டிற் பொருளாதார நெருக்கடி வந்தபோது பல வீதி வேலைகள் இடைநடுவிலே நின்றன. கிண்டிவிட்ட வீதி, கிண்டாத வீதியிலும் கேடானது என்பதை அக்காலத்திலே தூசியிலும் சேற்றிலும் போய்வந்தவர்கள் அறிவார்கள். ஒரு வேலையைத் தொடங்குமுன் அதை முடிக்கவும் காக்கவும் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவரை அபிவிருத்திக்குத் தடையானவர் என்று சொல்வது முறையன்று.

வாகன எண்ணிக்கையிலே அகப்படாத தேவைகள் வேறுஞ் சில உண்டு. யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி நெடுங்காலமாக ஆனையிறவு ஒன்றே பெருவழியாக இருந்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது, குடாநாட்டு மக்கள் கப்பலையும் விமானத்தையும் எதிர்பார்த்திருக்க நேர்ந்தது. 2009 வரை அந்நிலை நீடித்தது. 2011 சனவரியிலே சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. பூநகரி வழியாக மன்னாருக்கும் வன்னிக்கும் செல்லும் அவ்வழியில், எந்நாளும் எத்தனை வண்டி போகின்றது என்பதைக் கொண்டுமட்டும் அப்பாலத்தின் பெறுமதியை அளக்க முடியுமா? ஒரு கதவு அடைபட்டால் மற்றொரு கதவு உண்டு என்பதே அதன் பெறுமதி. ஊர்களிலும் இப்படியே: வைத்தியசாலைக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு, அவ்வழியில் ஒரு பழைய மதகு உண்டு என்றால், அம்மதகு விண்ணப்பம் இல்லாமலே முதலிடம் பெறவேண்டியது.

புகையிரதக் கடவையும் அத்தகையது. வடபகுதிப் புகையிரதம் 1990 இல் நின்றது. 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் ஒரு தலைமுறையே தண்டவாளம் இல்லாத பாதையைக் குறுக்கே கடந்து வளர்ந்தது. வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியபின், காவலும் கதவுமில்லாக் கடவைகளிலே உயிர்கள் பலியாகியுள்ளன. அக்கடவையிலே வாகனம் குறைவு என்று சொல்லிப் பின்போடுவது கொடுமை.

தீவுப் பகுதி மக்களின் நிலை இன்னும் வேறு. நெடுந்தீவாருக்குப் பெருவீதி கடலே. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரும் படகு காற்றால் நின்றுவிட்டால், தீவுக்குள்ளே எத்தனை நல்ல வீதி இருந்தும் நோயாளி யாழ்ப்பாணம் போக இயலாது. அங்கே வீதிப் பணத்துக்குரிய முதல் வேலை இறங்குதுறையும் படகும் என்று சொன்னால் மறுப்பார் யார்? அதுமட்டுமன்று, படகு வரும் நேரத்துக்குப் புங்குடுதீவு வழியே யாழ்ப்பாணம் செல்லும் பஸ் வண்டி காத்து நிற்கவேண்டும். படகு ஒருவர் கையில், பஸ் வேறொருவர் கையில் என்றால் நடுவிலே வெயிலில் நிற்பவர் பிரயாணி.

இது நம்மை ஐந்தாவது விண்ணப்பத்துக்குக் கொண்டுவருகின்றது. வீதி வேறு, போக்குவரத்து வேறு. கண்ணாடிபோன்ற காப்பெற் வீதியிலே, சொந்த வாகனம் இல்லாதவர் ஒரு மணி நேரம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் காட்சியை நாம் காணாமலில்லை. 1958 சனவரி முதலாம் திகதி பஸ் சேவை நாட்டுடைமையானது, இலாபம் தராத கிராமப் பாதைகளுக்கும் வண்டி போகவேண்டும் என்ற எண்ணத்தோடும்தான். 1979 முதல் தனியார் பஸ்கள் மீண்டும் வந்தன. இலாபம் உள்ள பாதையிலே இரண்டும் போட்டியிட்டு ஓடுகின்றன. இலாபமில்லாத பாதையிலே இரண்டையும் காணோம். பாடசாலைப் பிள்ளைகளுக்காகக் குறைந்த கட்டணத்தில் ஓடும் ‘சிசு சேரிய’ போன்ற சேவைகளை ஊரார் கேட்டுப் பெறலாம். வீதி ஒன்று போடும் செலவோடு பார்த்தால், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று இரண்டு ஓட்டங்களுக்காகும் செலவு மிகச் சிறிது. ஆனால் பஸ்ஸுக்குப் பெயர்க்கல் நாட்ட இயலாதே!

கூட்டம் கூடி முடிவெடுக்கும்போது யார் பேசுகின்றார் என்பதையும் பார்க்கவேண்டும். மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்தால், அடுப்படியில் நிற்கும் பெண்களும் தோட்டத்துக்கு நீர் இறைப்போரும் வாரார். வருபவர் வாகனம் உள்ளவரும் வாய் உள்ளவருமே. சுடலைப் பாதையைப் பற்றிப் பேசவேண்டிய மக்கள், சாதிக் காரணத்தால் முன்வரிசையில் அமராத ஊர்கள் நம்மிடம் இன்னும் இல்லை என்று யாரும் துணிந்து சொல்லமாட்டார். பிரேசில் நாட்டிலே போட்டோ அலெக்ரே நகரத்தார் 1989 முதல் ஒரு முறை வகுத்தனர். வட்டார மக்கள் கூடித் தம் தேவைகளை வரிசைப்படுத்தினர். ஆனாற் பணத்தைப் பகிரும்போது அவ்வரிசையை மட்டும் பார்க்கவில்லை. அவ்வட்டாரத்தில் மக்கள் எத்தனைபேர், அவ்வசதி அங்கே எவ்வளவு குறைவு என்பவற்றையும் சேர்த்து நிறுத்தனர். ஆகவே உரத்த குரல் மட்டும் பணத்தைக் கொண்டுபோக இயலவில்லை. சேற்றிலே கிடந்த ஏழைக் குடியிருப்புகளுக்குத் தெருக்கள் அவ்வழியே வந்தன.

நம் ஊர்களுக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்லாமல் விட இயலாது. அதுதான் வேலி. ஒழுங்கை அகலவேண்டும் என்று கையெழுத்திடாதவர் இல்லை. அது எதிர்ப்பக்கத்து வேலியால் அகலவேண்டும் என்பதே ஒவ்வொருவரின் உள்ளக்கிடக்கை. இருபது வீட்டார் ஆளுக்கு இரண்டடி கொடுத்தபின், ஒருவர் மதிலைப் பின்வைக்க மறுத்தால், நோயாளர் வண்டி அம்மதிலடியிலேயே நின்றுவிடும். நிலம் கொடுப்போரின் உடன்பாட்டை எழுத்தில் பெற்றபின்பே மதிப்பீடு போடுவது என்று சபை ஒரு விதி வைத்துக்கொண்டால், வழக்கும் கோபமும் பெரும்பகுதி குறையும். எல்லாரும் உடன்பட்ட ஒழுங்கைக்கு முன்னுரிமை என்று அறிவித்தால், மறுத்தவரிடம் அயலவரே போய்ப் பேசுவர்.

அந்த ஐந்து விண்ணப்பங்களையும் என்னிடம் தந்தால், முதலிற் பாடசாலை மதகைக் கட்டுவேன். அதே வாய்க்கால்தான் சுடலைப் பாதையை மூழ்கடிக்கின்றதா என்று பார்த்து, அப்படியானால் இரண்டையும் ஒரே வேலையாக்குவேன். எஞ்சிய பணத்தைத் தோட்டவெளிப் பாதையின் கிரவலுக்கு, அதுவும் புரட்டாதிக்கு முன்னே, கொடுப்பேன். பஸ்ஸுக்குச் சபையின் தீர்மானத்தோடு போக்குவரத்து அதிகார சபைக்குக் கடிதம் போகும். கோயில் வீதி மாகாணத்துக்கு உரியதா என்று விசாரித்து, உரியதானால் அங்கே அனுப்புவேன். சபைக்கு உரியதானால் குழிகளை அடைத்து, அடுத்த ஆண்டுக்கு வைப்பேன். கோயில் வீதியார் என்மீது சினங்கொள்வர். கணக்கை அவர்கள் முன்னே விரித்து வைத்துக் காட்டுவேன்.

பிரதேச சபைகள் அடுத்த ஆண்டுக்குரிய வரவுசெலவுத் திட்டத்தை ஆண்டிறுதிக்கு முன்னே நிறைவேற்றுகின்றன. 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, ஒரு வீதியின் மதிப்பீட்டையும் அது தெரிந்தெடுக்கப்பட்ட காரணத்தையும் எந்தக் குடிமகனும் கேட்டுப் பெறலாம். கேட்கச் செல்லும் நேயர்கள், மதகும் வாய்க்காலும் துப்புரவாக்கும் செலவு எந்த வரியிலே குறிக்கப்பட்டிருக்கின்றது என்பதையும் சேர்த்துக் கேட்டு வருக.